பங்காரத்தில் மூன்று இரவுகள்

கொச்சியிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அகத்தித் தீவை நெருங்கியது. சன்னலோரம் அமர்ந்தவர் கண்ணுக்கு முதலில் தெரிவது தீவன்று. அதைச் சூழ்ந்துள்ள நிறம். கருநீலக் கடலின் நடுவே இளம்பச்சை நீர்ப்பரப்பு, அதன் ஓரத்தில் கீற்றாக ஒரு தென்னந்தோப்பு. அவ்வளவே நிலம். ஓடுபாதையின் இருமருங்கிலும் அலைகள்.

ஆயினும் நாம் செல்ல வேண்டிய இடம் இதுவன்று. இலட்சத்தீவுகளில் விமானம் இறங்குவது அகத்தி ஒன்றில்தான். அங்கிருந்து வடகிழக்கே, படகில் சென்று சேரும் பங்காரத்தில் கூடாரத்தில் தங்குவதே எங்கள் நோக்கம். கொச்சியிலிருந்து கப்பலிலும் வரலாம். செல்லும் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆகும். கடல் ஒவ்வாதவர்கள் விமானத்தையே நாடுவது நலம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடலாம். தீவினரல்லாதார் எவராயினும், 1967ஆம் ஆண்டு விதிகளின்படி முன்அனுமதி பெற்றே நுழைய முடியும். கூடாரத்தைத் தோளில் சுமந்து சென்று விரும்பிய இடத்தில் அடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இல்லை. அனுமதியில் கண்ட தீவில், அமைத்துவைத்த கூடாரத்தில்தான் தங்கல். அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் சிறு படகுகள் கரையேறிவிடும். ரொக்கப் பணமும் கையில் இருக்கட்டும். கொச்சியிலிருந்து கடலடியில் இழுத்த ஒளியிழை வடம் 2024 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் இத்தீவுகள் செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்தன. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். எனினும் பங்காரத்தில் வங்கியையோ ஏடிஎம்மையோ நம்பியிருக்க வேண்டாம்.

படகோட்டி அகத்தியைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர். திசைகாட்டியை அவர் பார்த்ததாகவே நினைவில்லை. நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் ஓட்டினார். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்புப் படர்ந்திருந்தால் அடியில் பவளப்பாறை. பாறைத் திட்டு வளையத்தில் படகு நுழையத்தக்க இடைவெளி ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் படகின் அடிப்பலகை மிஞ்சாது என்று அவர் மலையாளத்தில் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. உள்ளே நுழைந்ததும் அலையோசை பின்னே நின்றுவிட்டது; நீர் குளம்போல் அடங்கிக் கிடந்தது.

பங்காரத்தின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தென்னை, அடர்ந்த தாழைப் புதர்கள், நடுவே உவர்நீர்க் குட்டை ஒன்று. அகத்திக்காரர்கள் தேங்காய் பறிக்கவும் மீன்பிடிக்கவும் வந்து போவார்கள். எங்கள் கூடாரம் கரையிலிருந்து இருபதடி தூரத்தில் இருந்தது. முதல் இரவு உறக்கம் பிடிக்கவில்லை. காற்றில் தென்னையோலைகள் உரசும் ஓசையை மழையென்று எண்ணி இருமுறை வெளியே வந்து பார்த்தேன். தலைக்கு மேல் விண்மீன்கள்தாம் கொட்டிக் கிடந்தன.

மறுநாள் காலை குளியலறையில் இரண்டாவது வாளி நீரை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அங்கே பணியாற்றிய இளைஞர் தயங்கியபடி, "ஒரு வாளி போதும் அல்லவா, சார்?" என்றார். அப்போது எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. காரணத்தை அன்று மாலைதான் அறிந்தேன்.

பவளத்தீவில் ஆறில்லை, ஏரியில்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அங்கே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதே அதன் காவல். ஏட்டுக் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். அதாவது மேலே ஓரடியை இறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறி வரும். ஓதம் ஏறி இறங்கிக் கலக்கும் சிறு தீவில் உண்மையான படலம் இதைவிட மெல்லியது. வட்டியை மட்டும் எடுத்து வாழ்வோருக்கு இது எளிதில் புரியும்: மழை தந்ததற்கு மேல் எடுத்தால் முதலே கரைந்துவிடும். அன்று நான் நிரப்பிய இரண்டாவது வாளி அந்த முதலிலிருந்து எடுத்தது.

இக்குறையை ஓரளவு தீர்த்ததில் சென்னைக்கும் பங்குண்டு. பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2005இல் கவரத்தித் தீவில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை நிறுவியது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர்விக்கிறார்கள். பின்னர் அகத்தியிலும் மினிக்காயிலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன.

மூன்றாம் நாள் அருகிலுள்ள தின்னகராத் தீவுக்குப் போனோம். வழியில் ஆமை ஒன்று தலைதூக்கி மூச்சுவாங்கிவிட்டு மறைந்தது. முகமூடி அணிந்து நீரில் குனிந்தபோது கிளிமீன்கள் கூட்டமாகப் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. அழகுதான், ஆனால் பவளத்தின் பெரும்பகுதி சாம்பல் பூத்திருந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது இங்கே பவளங்கள் வெளுத்து மடிந்தன. அலையை முதலில் தாங்குவது அந்தப் பாறைதான். அது தளர்ந்தால் அடி மணலுக்கு விழும்.

எந்த அளவுக்கு விழும் என்பதைப் படகோட்டி கைநீட்டிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் வெறும் நீர்தான் இருந்தது. பரளி என்ற பெயரில் அங்கே சில திட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று இப்போது இல்லை. 1968இல் ஏறத்தாழ எட்டு ஏக்கர் இருந்த அத்திட்டு முழுவதும் அரிக்கப்பட்டுவிட்டதை 2017இல் வெளிவந்த ஆய்வொன்று பதிவு செய்தது. அதே ஆய்வின்படி பங்காரமும் பத்தில் ஒரு பங்கு நிலத்தை இழந்திருக்கிறது.

புறப்படும் காலையில் குளிக்க ஒரு வாளியே எடுத்துக்கொண்டேன். அது போதுமானதாகவே இருந்தது. மகள் கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளைத் திரும்ப மணலிலேயே வைக்கச் சொன்னேன். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை எடுத்துச் செல்வது குற்றம். அவளுக்கு முகம் வாடிவிட்டது. நாங்கள் கொண்டுவந்த பிசுக்கட்டு உறைகளும் பிளாத்திக்குக் குப்பிகளும் ஒரு பை நிறைந்தன. படகோட்டி அதைத் தம் கையால் வாங்கி, பெட்டிகளோடு சேர்த்து எண்ணிப் படகின் முன்பக்கத்தில் வைத்துக் கட்டினார்.