சிக்னல் வந்தாலே அணையும் கார்

வேகம் குறைக்கும்போது இன்ஜின் நின்றுபோக ஒரு டஜன் காரணங்கள் உண்டு. எந்த நொடியில் நிற்கிறது என்று கவனித்தால் பாதி விடை கையில்.

நவரங் சர்க்கிளில் சிவப்பு விளக்கு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாயிற்று. பிரேக்கைத் தொட்டாயிற்று. கிளட்சை அமுக்கியதும் டாக்கோமீட்டர் முள் 800-இல் நிற்காமல் நேரே பூஜ்யத்துக்குச் சரிகிறது. டாஷ்போர்டு முழுக்கக் கார்த்திகை தீபம். ஸ்டியரிங் கல்லாகிறது. பின்னால் பஸ்ஸின் ஹாரன். சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை.

இதை எழுதுபவரின் பத்து வயதுப் பெட்ரோல் கார் மூன்று வாரம் இப்படித்தான் மானத்தை வாங்கியது. ஒரு சர்வீஸ் சென்டரில் ஃப்யூயல் பம்ப் போய்விட்டது என்றார்கள். புது பம்ப் போட்ட பிறகும் நின்றது. அடுத்ததாக ஏதோ ஒரு சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். 'மாற்றிப் பார்க்கலாம்' என்ற வார்த்தையில்தான் பயம் வந்தது. பார்ப்பது அவர்கள், பணம் நம்முடையது.

கார் ஸ்ரீராம்புரத்துக்குப் போயிற்று. மில் தொழிலாளர்களின் பேட்டையாக வளர்ந்த இடம். 2014-இல் மெட்ரோ ரயில் தலைக்கு மேல் ஓடத் தொடங்கிய பிறகும் சந்துகளில் தமிழ்க் குரல்தான் தூக்கலாகக் கேட்கிறது. ஒரு கார் நுழைந்தால் ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு ஒர்க் ஷாப். மெக்கானிக்குக் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் வருகிறது. அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். சூடான பிறகு நிற்கிறதா, காலையிலேயேவா? ஏ.சி. போட்டால் அதிகமா? பிரேக்கை மிதித்ததும் நிற்கிறதா, கிளட்சை அமுக்கியதுமா? மேட்டில் ஏறும்போது இழுவை குறைகிறதா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றதும் பம்ப் விவகாரம் முடிந்துவிட்டது. பெட்ரோல் போதாமல் இன்ஜின் திணறுவதென்றால் அது பெரும்பாலும் அதிகப் பெட்ரோல் கேட்கும் இடத்தில்தான் முதலில் தெரியும். மேட்டில், முந்திச் செல்லும்போது, நெடுஞ்சாலை வேகத்தில். ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பது சொட்டு சொட்டாகத்தான். அதைக்கூடத் தர முடியாத பம்ப் மேட்டில் காரை இழுத்திருக்காது.

கிளட்சை அமுக்கியதும் நிற்கிறது என்பதற்கு அவர் தலையை ஆட்டினார். காரணம் எளிது. ஓடும் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்றைய இன்ஜின்களின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. அப்போது இன்ஜினைச் சுழற்றுவது சக்கரங்கள்தான், பெட்ரோல் அல்ல. சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 1,500-க்குக் கீழே வரும்போதோ, கிளட்சை அமுக்கும்போதோ பெட்ரோல் மறுபடி பாய வேண்டும். சக்கரத்தின் பிடி விட்டுப்போன அந்த நொடியில் இன்ஜின் தன் காலில் நின்றாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் பெட்ரோலும் சரியான அளவில் வேண்டும். இரண்டில் ஒன்று தாமதமானால் முள் 700-ஐத் தாண்டிக் கீழே போய்விடும். பிறகு மீட்க முடியாது.

காற்று வரும் வழி த்ராட்டில் பாடி. உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய உலோகத் தட்டு. கால் எடுத்ததும் அது மூடிக்கொள்ள, விளிம்பில் மயிரிழை இடைவெளி மட்டும் மிஞ்சும். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை வருடக்கணக்கில் அங்கே கரியாகப் படிகிறது. மயிரிழை பாதி மயிரிழை ஆகிறது. பழைய மாடல்களில் ஐடிலிங்குக்கென்று தனிக் காற்று வழியும் ஒரு வால்வும் உண்டு. அதுவும் இதேபோல அடைத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து 1,200-இல் பிடித்துக்கொண்டால் நம் கார் நிற்கவில்லை. தட்டு சற்றே திறந்ததும் காற்று கிடைத்துவிடுகிறது. அடைப்பு எங்கே என்பதை அந்தச் சோதனை சொல்லிவிட்டது.

காற்றுக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தால் தட்டின் விளிம்பு தோசைக்கல் கறுப்பு. கிளீனர், பழைய துணி, இருபது நிமிடம். மோட்டார் வைத்த தட்டை விரலால் தள்ளித் திறக்கக்கூடாது, பல்சக்கரம் போய்விடும் என்று உதவிப் பையனுக்கு ஒரு அதட்டல். சுத்தம் செய்த பிறகு கம்ப்யூட்டருக்குப் புதிய இடைவெளியைப் பழக்க வேண்டும். சில மாடல்களில் அது தானாகக் கற்கும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். இவரிடம் ஸ்கேனரும் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகிப் பார்த்தார். பிழைக் குறி ஒன்றுகூட இல்லை. இதுதான் விஷயம். கரி மெல்ல மெல்லப் படிவதால், கம்ப்யூட்டர் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டே வந்து, ஒருநாள் கை விரிக்கிறது. அதுவரை அது புகார் சொல்லாது. திரையில் ஒன்றும் இல்லையே என்று பம்பை மாற்றுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பதில்கள் வேறாக இருந்திருந்தால் தேடும் இடமும் வேறு. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நின்று, பெடலருகே 'உஸ்' என்று சத்தமும் கேட்டால் பிரேக் பூஸ்டரில் ஓட்டை இருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றே ஒர்க் ஷாப். ஏ.சி. போட்டால் மட்டும் நிற்கிறதென்றால் கூடுதல் சுமைக்கு ஐடிலிங் உயரவில்லை என்று பொருள். சூடானதும் எந்த வேகத்திலும் நின்று, ஆறினால் ஓடுமானால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். பெட்ரோல் நிரப்பிய உடனே தடுமாறினால் டாங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு. ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வர்ட்டரின் உள் கிளட்ச் விடுபடாமல் ஒட்டிக்கொண்டாலும், கியரில் கிளட்ச் அமுக்காமல் நிறுத்தியதுபோல் இன்ஜின் செத்துப்போகும்.

கார்புரேட்டர் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே மருந்து ஸ்குரூடிரைவர். ஐடில் திருகைக் கால் சுற்று முறுக்கினால் நோய் ஒளிந்துகொள்ளும். பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் வேறு இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. சென்னையில் டியூன் செய்த கார் இங்கே வந்தால் கலவையில் பெட்ரோல் தூக்கலாகி, பிளக்கில் கரி கட்டும். இங்கே டியூன் செய்தது மலையிறங்கி வாணியம்பாடி பக்கம் போனால் ஐடிலிங்கில் நடுங்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, மாருதி 800-க்கே பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு உயரக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. திருகும் போயிற்று. அது போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நின்றுபோகும் காரை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஓட்டுவதில் ஆபத்து உண்டு. ஓக்கலிபுரம் சரிவில் இறங்கும்போது நின்றால், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதித்தால் அது தீர்ந்து பெடல் பாறையாகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, ஸ்டியரிங்கைப் பலம் கொடுத்துத் திருப்பி ஓரம் கட்ட வேண்டும். ஓடும்போது சாவியை லாக் வரை திருப்பவே கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மாலையில் தேவய்யா பார்க் வரை ஒரு சுற்று. கிளட்சை அமுக்கியதும் முள் 900-க்கு இறங்கி, யோசித்து, 800-இல் உட்கார்ந்தது. கூலியாக அவர் கேட்டது ஒரு டாங்க் பெட்ரோலின் விலையில் கால் பங்குகூட இல்லை. சர்வீஸ் சென்டர் கழற்றித் தந்த பழைய பம்ப் டிக்கியில்தான் கிடக்கிறது. அதற்கு 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ஜம்மென்று ஓடியது.