முற்றத்து வெயிலுக்குப் பட்டா கிடையாது

கொடிக்கயிற்றுக்காக ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவாரா என்று கேட்டால் பட்டணத்துக்காரர்கள் சிரிப்பார்கள். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. மனுவில் கயிறு என்று எழுதியிருக்காது, அவ்வளவுதான். ‘ஆபாசமாகத் திட்டினார்’, ‘கொலை மிரட்டல் விடுத்தார்’, ‘பொதுப் பாதையை மறித்தார்’ என்று இருக்கும். மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில், ‘துணி காயப்போட்டது சம்பந்தமாக ஏற்பட்ட வாய்த்தகராறில்’ என்று ஒரு வரி வரும். சண்டையின் வேர் அந்த ஒரு வரிதான்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது இண்டூர். சாலையோரம் கடைகளும் பஸ் நிறுத்தமும் இருந்தாலும், உள்ளே திரும்பினால் கிராமம்தான். நத்தத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் கான்கிரீட் வீடு, அதற்குப் பக்கத்தில் பாதி கட்டி நிற்கும் மாடி. குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் சண்டையை அச்சில் ஏற்றினால் அது இன்னொரு தலைமுறைக்கு நீளும். அதனால் இந்தப் பகுதியின் எந்தத் தெருவுக்கும் பொருந்துகிற மாதிரி, கிழக்கு வீடு, மேற்கு வீடு என்று வைத்துக்கொள்வோம். மேற்கு வீடு ஓட்டு வீடு. கிழக்கு வீடு கான்கிரீட். நடுவில் ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் வடிய விட்ட சந்து.

மேற்கு வீட்டுப் பெண் கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டிருப்பாள்: “யக்கா, உங்க சுவத்துல ஒரு ஆணி அடிச்சிக்கட்டுமா? துணி காயப்போட எடமே இல்ல.” அந்த அக்காவும், “அடிச்சிக்கோ தங்கச்சி, இதுக்கெல்லாமா கேப்பாங்க” என்றிருப்பாள். ஆணியில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை முருங்கை மரத்தில். பதினைந்து, இருபது வருஷம் அப்படியே ஓடும். பிறகு அக்காவின் மகன் பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மாடி எடுப்பான். சுவருக்குப் பூச்சு பூசி, பெயின்ட் அடிக்கும்போது ஆணி உறுத்தும். “யாரைக் கேட்டு அடிச்சீங்க?” என்பான். கேட்டது அவனுடைய அம்மாவிடம். அம்மா இப்போது வாயைத் திறக்கமாட்டாள்.

இந்தச் சண்டைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம். முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு மட்டும்தான் அது பொருந்தியது; பம்பாய்க்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் போனது. அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த இண்டூருக்கு அது முதல் நாளிலிருந்தே உண்டு. பக்கத்து நிலத்தின் மேல் நடக்க, தண்ணீர் கொண்டுபோக, காற்றும் வெளிச்சமும் பெற ஒருவருக்கு எப்போது உரிமை வரும் என்பதைச் சொல்லும் சட்டம் அது.

அதன் 15-ஆவது பிரிவு விசித்திரமானது. 20 வருஷம், யாரும் தடுக்காமல், ஒளிவுமறைவு இல்லாமல், உரிமையோடு ஒன்றை அனுபவித்து வந்தால் அது உரிமையாகிவிடும். அரசு நிலம் என்றால் 30 வருஷம். ‘உரிமையோடு’ என்ற இடத்தில்தான் மேற்கு வீட்டுப் பெண் மாட்டிக்கொள்கிறாள். அவள் கேட்டுவிட்டு அடித்தாளே! கேட்டு வாங்கினால் அது அனுமதி. அனுமதியைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஒரு வார்த்தை கேட்காமல், ‘என் கயிறு, என் இஷ்டம்’ என்று ஆணி அடித்து 20 வருஷம் காயப்போட்டவளுக்குக் கோர்ட்டில் வாதாட இடம் உண்டு. மரியாதையாகக் கேட்டவளுக்கு இல்லை. அக்கா தங்கச்சி என்று பழகுகிற தெருவுக்கு இந்தப் பிரிவு எழுதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரமான வேலை எதையாவது செய்துவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது 60-ஆவது பிரிவு. ஆணி நிரந்தரம் ஆகாது. சிமென்ட் போட்டு ஊன்றிய இரும்புக் கம்பம் ஆகுமா? வக்கீல்களுக்கு வேலை வைக்கும் கேள்வி.

துணி காயப்போடும் உரிமையை வைத்தே இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 1832-இல் வந்த ட்ரூவெல் எதிர் டவ்லர் வழக்கு. அடுத்தவர் இடத்துக்கு மேலாகக் கயிறு கட்டித் துணி உலர்த்துவது சட்டம் ஏற்கக்கூடிய வசதியுரிமைதான் என்பதற்கு அந்நாட்டுச் சட்டப் புத்தகங்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகின்றன. ஆகவே கயிறு அற்ப விஷயம், கோர்ட்டுக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கயிற்றுக்கு வழி உண்டு. வெயிலுக்குத்தான் இல்லை. கிழக்கு வீட்டு மகன் மாடி எடுத்தபின் மேற்கு வீட்டு முற்றத்தில் காலை வெயில் விழாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வெயில் தலைகாட்டுவதே இரண்டு மணி நேரம் என்றால், அந்த இரண்டு மணி நேரமும் முற்றம் நிழலில் கிடக்கும். பள்ளிச் சீருடை காயாது. ஈரவாடையோடு பிள்ளை பள்ளிக்கூடம் போகும். ‘நாற்பது வருஷமாக எங்கள் முற்றத்தில் வெயில் விழுந்தது’ என்று மேற்கு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனால் 17-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். திறந்தவெளி நிலத்துக்கு வெளிச்சமும் காற்றும் தடையின்றி வரவேண்டும் என்ற உரிமையை நீண்டகால அனுபவத்தால் பெற முடியாது என்று அது நேராகவே சொல்கிறது. ஜன்னலுக்குப் பெறலாம், அதுவும் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்றால் போதாது, கணிசமான பாதிப்பு இருக்கவேண்டும். முற்றத்துக்கு எத்தனை தலைமுறை ஆனாலும் கிடையாது.

இதன் பின்னால் இருக்கும் யோசனையும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். 1861-இல் வெப் எதிர் பேர்ட் என்று ஒரு வழக்கு. காற்றாலை ஒன்றுக்கு அருகில் பள்ளிக்கூடக் கட்டடம் எழுந்தது. ஆலைக்காரர் தன் காற்றைத் தடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். பரந்த வெளியில் வருகிற காற்றுக்கு ஒருவர் உரிமை கொண்டாடினால் சுற்றுவட்டாரத்தில் யாரும் எதுவும் கட்ட முடியாதே என்று நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தால் யார் பிழைத்தார், யார் இழந்தார் என்று இண்டூர்த் தெருவில் நின்று பார்த்தால் வேறு படம் தெரிகிறது. மாடி கட்டியவருக்குத் துணி காயப்போட மொட்டை மாடி வந்துவிட்டது. ஓட்டு வீட்டுக்காரருக்கு ஓட்டின்மேல் ஏறவும் முடியாது, முற்றத்திலும் வெயில் இல்லை. இடம் இருப்பவருக்கு மேலும் இடம். கொடிச் சண்டை பெரும்பாலும் மாடி வைத்தவருக்கும் மாடி இல்லாதவருக்கும் நடுவில்தான் நடக்கிறது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

மாடிக்கொடியிலும் வம்பு உண்டு. பிழியாமல் போட்ட ஜமுக்காளம் கீழே சொட்டும். கீழே யார் வீட்டுப் புளி காய்கிறதோ, கேழ்வரகு காய்கிறதோ! தை, மாசியில் புளி உடைத்துப் பாயில் பரப்பியிருக்கும்போது மேலிருந்து சோப்புத் தண்ணீர் விழுந்தால், அந்த வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இதில் நான் கீழ் வீட்டுக்காரி பக்கம். அடுத்தவர் இடத்தில் சொட்டவிட யாருக்கும் பாத்தியதை கிடையாது.

ஒருகாலத்தில் இந்தத் தெருக்களில் இவ்வளவு துணி தொங்கியதில்லை. ஊர்த்தெருவின் துணியை வண்ணார் குடும்பத்தார் மூட்டை கட்டி எடுத்துப்போய், ஏரிக்கரையிலும் கிணற்று மேட்டிலும் வெளுத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். காலனிக்கு அந்தச் சேவையும் மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குப் புதிரை வண்ணார் வெளுத்தார்கள். எந்தத் துறையில் யார் துவைக்கலாம், யார் துணி யார் கண்ணில் படலாம் என்பதிலெல்லாம் சாதி இருந்தது. அந்த அடிமைமுறை குறையக் குறைய துவையல் வீட்டுக்கு வந்தது. வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏரிக்கரையில் பரந்துகிடந்த துணியெல்லாம் ஒரு சந்துக்குள் வந்து அடைந்தது.

தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிக்க நல்ல தண்ணீர் வந்தது பெரிய விஷயம். ஆனால் குழாயில் எது வந்தாலும், தெருவுக்கு விடும் நாளில்தானே வரும்? தண்ணீர் விட்ட அன்று எல்லா வீட்டிலும் துவையல். எல்லாக் கொடியும் ஒரே நாளில் நிரம்பும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூர், திருப்பூரிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் வாரத்தில் கேட்கவே வேண்டாம். அழுக்குத் துணி பை பையாக வரும், கயிறு நீளாது.

இந்தக் கட்டம்வரை சண்டை பெண்களிடம்தான் இருக்கிறது. திட்டிக்கொள்வார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சாவு வீட்டிலோ சடங்கு வீட்டிலோ மறுபடி பேசிவிடுவார்கள். சாயங்காலம் ஆண்கள் வீட்டுக்கு வந்தபிறகுதான் கயிறு எல்லைக்கோடாக மாறுகிறது. “அவ சுவருன்னு எப்படிச் சொல்றா? பத்திரத்தை எடு!” பத்திரத்தில் நான்கெல்லை இருக்கும்: கிழக்கே இன்னார் வீடு, வடக்கே தெரு. சந்து யாருக்கு என்று இருக்காது. சரி, சர்வேயரைக் கூப்பிடு.

சர்வேயர் வருவது கொடிச் சண்டையின் திருப்புமுனை. பணம் கட்டி, நோட்டீஸ் போய், சங்கிலியோ டேப்போ பிடித்து அளக்கும்போது ஊரே கூடும். மூலைக்கல் இருந்த இடத்தில் கல் இருக்காது. யாரோ துணி துவைக்கப் போட்டிருப்பார்கள். அளந்து முடித்தால் இரண்டு வீட்டுக்காரரும் தெருவில் கொஞ்சம் ஏறிக் கட்டியிருப்பது தெரியவந்தாலும் வியப்பதற்கில்லை. படி, திண்ணை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் புறம்போக்கில். பொதுப் பாதையை மறிப்பதற்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இல் தடை உண்டு. ஆணியைப் பிடுங்கச் சொல்லி மனுப் போட்டவர் திண்ணையை இடிக்க வேண்டி வரலாம். அளவைக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் சொல்லித் தடுக்கிற பெரியவர் ஒருவர் தெருவில் இருந்தால் இரண்டு குடும்பமும் பிழைத்தது.

போலீஸுக்குப் போனால் மனு ரசீது கிடைக்கும். நிலத் தகராறு சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். அடிதடி வரும் என்று தோன்றினால் இரு தரப்பையும் வருவாய்த் துறை நிர்வாக நடுவர் முன் நிறுத்தி, அமைதி காப்போம் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்க வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 126. ஆக, ஒரு ஜமுக்காளத்துக்காகத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் இரண்டு குடும்பமும் கூலி இழந்து நிற்கும்.

நம்மூர்க்காரர்கள் ஏராளமாக இருக்கும் சிங்கப்பூரில் அடுக்குமாடிக்குக் கீழே சொட்டுகிற துணி பழைய பிரச்சினை. அங்கே 1998-இலேயே சமூக சமரச மையம் தொடங்கினார்கள். அக்கம்பக்கத் தகராறுக்கென்றே 2015-இல் தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்பாயமும் வைத்தார்கள். இருபதாயிரம் சிங்கப்பூர் டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் கதை தலைகீழ். பல வீட்டு மனைகளில் வெளியே துணி தொங்கினால் மனையின் மதிப்புக் குறைகிறது என்று கொடிக்கே தடை இருந்தது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று 2008-இல் மாகாண அரசு அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. சென்னையில் பால்கனிக் கம்பியில் துணி போடாதே என்று நோட்டீஸ் ஒட்டும் அடுக்குமாடிச் சங்கங்கள் இந்தச் செய்தியைப் படிக்கலாம்.

கயிற்றைவிட ஆபத்தானது கம்பி. கயிறு இற்றுப்போகிறதே என்று ஜி.ஐ. கம்பி கட்டுவது எங்கும் உண்டு. அதன் ஒரு முனை வீட்டுக்கு வரும் மின்வயர் தாங்கியிலோ, தெரு மின்கம்பத்திலோ இருந்தால், வயர் உரிந்த ஒரு மழைநாளில் ஈரத்துணியோடு தொட்டவர் பிழைக்கமாட்டார். துணி காயப்போடும்போது மின்சாரம் பாய்ந்து பெண் பலி என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மழைக்காலம்தோறும் வருகிறது. அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்க விடாததால்தான் அவர் மின்கம்பத்துக்குப் போயிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று நிற்பவர்களுக்கு அதற்கு முந்திய ஒரு படி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால், வழக்குப் பதியுமுன்பே லோக் அதாலத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. சமரசம் ஆனால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அங்கே போகும்போது ‘என் இடம்’ என்று ஆரம்பிக்காமல் கொடியைப் பற்றி மட்டும் பேசுவது நல்லது. கயிறு எந்தச் சுவரில், யார் வீட்டு மாடியில் ஓட்டு வீட்டுக்காரிக்கும் ஒரு வரிசை, தண்ணீர் விடும் நாளில் யாருக்கு முதல் கொடி என்று எழுதி வாங்கலாம். ஜமுக்காளத்தைப் பிழிந்துவிட்டுத்தான் போடவேண்டும் என்பதையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொல்லலாம்.