செத்தால் செத்ததுதான்

எலியப்பன் இரண்டே அடியில் செத்துப்போனான். மண்ணுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு திரியும் டிக்லெட் என்கிற போக்கிமான் அவன். பெயர் நான் வைத்தது. 2004-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘போக்கிமான் ஃபயர்ரெட்’டில் வெர்மிலியன் நகரத்து ஜிம் தலைவர் லெஃப்டினன்ட் சர்ஜ். அவரிடம் இருப்பவை எல்லாம் மின்சாரப் போக்கிமான்கள். டிக்லெட் நிலவகை. நிலவகைமேல் மின்சாரம் ஏறவே ஏறாது, எர்த் கொடுத்த மாதிரி. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று தெம்பாக அவனை முன்னால் நிறுத்தினேன்.

சர்ஜ் முதலில் இறக்கியது வோல்ட்டார்ப். அது மின்சாரத்தைத் தொடவே இல்லை. சோனிக் பூம் என்றொரு மூவ் போட்டது. எதிரில் நிற்பவர் எவ்வளவு கெட்டியான தோல்காரராக இருந்தாலும், பட்டால் சரியாக 20 புள்ளி குறையும். லெவல் 20-இல் இருந்த எலியப்பனின் மொத்த உயிரே 37 ஹெச்பி. மிச்சம் 17. நான் திருப்பிப் போட்டது மாக்னிட்யூட். அதில் நிலநடுக்க அளவு 4 முதல் 10 வரை எதுவாகவும் விழலாம். 10 விழுந்தால் பலம் 150, 4 விழுந்தால் வெறும் 10. நூற்றில் ஐந்து தடவைதான் 4 விழும். அன்றைக்கு விழுந்தது. அடுத்த சோனிக் பூமில் கதை முடிந்தது.

வழக்கமான ஆட்டத்தில் இது ஒரு விஷயமே இல்லை. போக்கிமான் சென்டருக்குப் போனால் ஒரு சின்ன இசை ஒலிக்கும், எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் நான் ஆடிக்கொண்டிருந்தது நஸ்லாக்.

போக்கிமான் உலகத்தில் சண்டையில் சாவு கிடையாது, மயக்கம்தான். சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்துத் திரிந்த சதோஷி தஜிரி, அந்தச் சுகத்தை வீடியோ கேமுக்குள் கொண்டுவர நினைத்து உருவாக்கியது இது. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக, 151 பிராணிகளோடு வெளியானது. 2010-இல் நிக் ஃபிராங்கோ என்கிற அமெரிக்கர் ‘ரூபி’ பதிப்பை ஆடும்போது தனக்குத் தானே இரண்டு விதி போட்டுக்கொண்டார். மயங்கிய போக்கிமான் செத்ததாகக் கணக்கு. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம். அந்த ஆட்டத்தையே படக்கதையாக வரைந்து இணையத்தில் போட்டார். அதில் நஸ்லீஃப் என்ற போக்கிமானுக்கு ‘லாஸ்ட்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் ஜான் லாக்கின் முகத்தை வைத்திருந்தார். நஸ்லீஃபும் லாக்கும் சேர்ந்து நஸ்லாக் ஆனது. பின்னால் வந்தவர்கள் விதிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிடித்ததற்கெல்லாம் பெயர் வைக்க வேண்டும், சண்டை நடுவே மருந்து கொடுக்கக் கூடாது, அடுத்த ஜிம் தலைவரின் உச்ச லெவலைத் தாண்டி வளர்க்கக் கூடாது. அணியில் இருக்கும் ஆறு பேரும் விழுந்துவிட்டால் மொத்த ஆட்டமும் காலி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்கு எது சிறந்த அணி? கேட்ட உடனே பலமான ஆறு பேரைப் பொறுக்கு என்றுதான் சொல்லத் தோன்றும். 151-இலிருந்து ஆறு பேரைப் பொறுக்குவதற்குச் சுமார் 1,489 கோடி வழிகள் உண்டு. ஆனால் நஸ்லாக்கில் அந்த உரிமை நமக்குக் கிடையாது. பொறுக்குவது பாதி புல்வெளியின் வேலை.

அந்தப் புல்வெளி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஃபயர்ரெட் தலைமுறைக் கேம்களில் ஒவ்வொரு பகுதிக்கும் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் இரண்டு அறைக்குத் தலா 20 சதவீதம், அடுத்த நான்குக்குப் பத்துப் பத்து, பிறகு 5, 5, 4, 4, 1, 1. கூட்டினால் நூறு. ஒவ்வோர் அறையிலும் ஒரு பிராணியின் பெயர் இருக்கும். புல்லில் நடக்கும்போது உள்ளே குலுக்கல் நடக்கிறது. ஒரே பெயர் பல அறைகளிலும் இருக்கலாம். ஃபயர்ரெட்டின் 22-ஆம் சாலையில் ரட்டாட்டா என்ற எலிக்கு 45 சதவீதம், மேங்கி என்ற குரங்குக்கு 45, ஸ்பியரோவுக்குப் பத்து.

எனக்கு வேண்டியது மேங்கி. முதல் ஜிம்மில் பாறைப் போக்கிமான்களோடு ப்ராக் காத்திருக்கிறார், மேங்கியோ சண்டைவகை. பாதிக்கும் குறைவான வாய்ப்பை நம்பி எப்படிப் போவது? இங்கேதான் ஆட்டக்காரர்கள் சேர்த்துக்கொண்ட இன்னொரு விதி கைகொடுக்கிறது. ஏற்கெனவே வைத்திருக்கும் இனமே மறுபடி வந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்ததைத் தேடலாம். ஒன்றாம் சாலையில் பிட்ஜிக்கும் ரட்டாட்டாவுக்கும் பாதிக்குப் பாதி. அங்கே ரட்டாட்டா மாட்டியிருந்தால், 22-ஆம் சாலைப் பட்டியலிலிருந்து அந்த 45 அப்படியே கழன்றுவிடும். மிச்சமிருப்பது 55. அதில் மேங்கியின் பங்கு 45. அதாவது கிட்டத்தட்ட 82 சதவீதம். ஒன்றுக்கும் உதவாத எலி என்று நினைத்துப் பிடித்தது, குரங்கை வரவழைக்கும் சீட்டாக மாறிவிட்டது. பிட்ஜி மாட்டியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

மேங்கி வந்தபின் நடப்பது தனி வேடிக்கை. அது போடும் லோ கிக் என்ற மூவுக்கு நிலையான பலம் இல்லை, எதிராளியின் எடையைப் பார்த்துத்தான் அடி விழும். ப்ராக்கின் ஆனிக்ஸ் 210 கிலோ. 200 கிலோவுக்கு மேலிருந்தால் லோ கிக்கின் பலம் 120. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கையில் இருக்கும் ஆயுதத்துக்கு அது அநியாயமான பலம். யானைக்கும் அடி சறுக்கும் என்பதைக் கேம் எழுதியவர்கள் சூத்திரமாகவே போட்டுவிட்டார்கள்.

எலியப்பன் வந்த கதையும் இதே பட்டியல் கதைதான். டிக்லெட் குகையில் 95 சதவீதம் டிக்லெட், மீதி ஐந்து அதன் வளர்ந்த வடிவமான டக்ட்ரியோ. எது வந்தாலும் நிலவகை உறுதி. ஆனால் டக்ட்ரியோ வந்தால் கொண்டாட முடியாது. அது லெவல் 30-ஐ ஒட்டி வரும், சர்ஜின் உச்சம் 24. லெவல் வரம்பு வைத்து ஆடுபவர் அதைச் சேமிப்புப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பரிசு விழுந்தும் செல்லாத சீட்டு.

இனி கணக்கின் மையத்துக்கு வருவோம். எட்டு ஜிம், எலைட் ஃபோர் எனப்படும் நால்வர், கடைசியில் சாம்பியன். பெரிய சண்டை குறைந்தது 13. ஒவ்வொன்றிலும் ஜெயிக்க 90 சதவீத வாய்ப்பு இருக்கும் அணி என்றால் நல்ல அணி என்போம். 0.9-ஐ 13 முறை பெருக்கிப் பாருங்கள். 25 சதவீதம் வரும். நான்கு தடவை ஆடினால் ஒரு தடவைதான் கரையேறும். 95 சதவீத அணி ஏறக்குறையப் பாதித் தடவை. 99 சதவீத அணிக்குத்தான் 88 கிடைக்கிறது. 95-க்கும் 99-க்கும் நடுவே ஒரு சண்டையில் யாரும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். பதின்மூன்று சண்டையில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் தாக்கும் மூவைத் தேர்ந்தெடுப்பதிலேயே புத்தி மாறிவிடுகிறது. ஃபயர்ரெட்டில் ஃபயர் பிளாஸ்ட்டின் பலம் 120, ஆனால் நூற்றில் 85 முறைதான் படும். ஃபிளேம்த்ரோயரின் பலம் 95, குறி தப்பாது. சராசரி எடுத்தால் 120-இல் 85 சதவீதம் 102. கணக்குப்படி ஃபயர் பிளாஸ்ட்தான் உயர்ந்தது. வழக்கமான ஆட்டத்தில் நானும் அதைத்தான் எடுப்பேன். நஸ்லாக்கில் அனுபவசாலிகள் கண்ணை மூடிக்கொண்டு ஃபிளேம்த்ரோயரை எடுக்கிறார்கள். குறி தப்பிய அந்தப் பதினைந்தில் ஒன்று, எதிராளிக்கு இன்னொரு அடி அடிக்க நேரம் கொடுக்கும். அந்த அடியில் ஒருவன் போய்விட்டால், மீதி எண்பத்தைந்து தடவை சேர்த்த உபரிப் பலத்தை எல்லாம் கொட்டினாலும் அவன் திரும்பி வரமாட்டான்.

தனக்கு விழும் அடியைக் கணிப்பதும் அப்படித்தான். ஃபயர்ரெட், ரூபி அடங்கிய மூன்றாம் தலைமுறைக் கேம்களில் ஒவ்வோர் அடியும் கிரிட்டிக்கல் ஹிட்டாக மாறி இரட்டிப்பாக விழப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. பதினாறில் ஒன்றுதானே என்று இருந்துவிடலாம். ஆனால் பதினொரு அடி வாங்கும்போது அதில் ஒன்றாவது கிரிட்டிக்கலாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. ஒரு ஜிம்முக்குள்ளேயே பதினொரு அடி வாங்கலாம். ‘கிரிட்டிக்கல் விழாவிட்டால் பிழைப்பான்’ என்று சொல்லி ஒருவனை நிறுத்துவது, பிறகு சாவான் என்பதை மரியாதையாகச் சொல்வது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் வகைப் பட்டியலில் மின்னும் இடம் வேறு. எதிராளிமேல் இரண்டு மடங்கு அடி கொடுப்பவனைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். பொக்கிஷம் என்று நான் சொல்வது பூஜ்யத்தை. நிலத்துக்கு மின்சாரம் பூஜ்யம், பறப்பதற்கு நில அடி பூஜ்யம், பேய்க்குச் சாதாரண அடியும் சண்டை அடியும் பூஜ்யம். சண்டை நடுவே ஆள் மாற்றினால், புதிதாக வருபவன் ஓர் அடியைச் சும்மா வாங்கித்தான் ஆக வேண்டும். அவன்மேல் அந்த அடி பூஜ்யம் என்றால் கிரிட்டிக்கல் விழுந்தும் பயனில்லை. பூஜ்யத்தை இரட்டித்தாலும் பூஜ்யம்தானே. ஒரு பறவையையும் ஒரு நிலவகையையும் சேர்த்து வைத்தால், பறவைமேல் வரும் மின்னலை இவன் வாங்குவான், இவன்மேல் வரும் நிலநடுக்கத்தை அது வாங்கும். இரண்டுமே தனித்தனியாகச் சுமார் ரகமாக இருக்கலாம், பரவாயில்லை.

இதே கணக்கைப் போக்கிமான் பிறப்பதற்கு முப்பது நாற்பது வருடத்துக்கு முன்பே வேறு இரண்டு இடங்களில் போட்டிருக்கிறார்கள். 1956-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, பந்தயம் கட்டுபவர் கையிருப்பில் எவ்வளவு பங்கை வைக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். 1966-இல் டான் கோஹன் என்ற உயிரியலாளர் பாலைவனத்தில் ஓராண்டே வாழும் செடிகளைப் பற்றி யோசித்தார். மழை பெய்தாலும் அவற்றின் விதைகளில் ஒரு பங்கு முளைக்காமல் மண்ணிலேயே கிடக்கிறது. ஏன் இந்தச் சோம்பல்? இரண்டு வருடம் மும்மடங்கு விளைச்சல், ஒரு வருடம் அடியோடு பொய்த்தது என்று வையுங்கள். கூட்டிச் சராசரி பார்த்தால் வருடத்துக்கு இரண்டு மடங்கு, அருமை. ஆனால் தலைமுறைகள் கூட்டலில் ஓடுவதில்லை, பெருக்கலில் ஓடுகின்றன. மூன்றை மூன்றால் பெருக்கி, அதைப் பூஜ்யத்தால் பெருக்கினால் அந்த இனமே கிடையாது. கொஞ்சம் விதையை முளைக்கவிடாமல் பிடித்துவைக்கும் செடி நல்ல வருடத்தில் பின்தங்கும், கெட்ட வருடத்துக்குப் பிறகும் இருக்கும். நஸ்லாக் அணியின் பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் எல்லாரும் முளைக்காத விதைகள்தான்.

அந்தப் பெட்டியிலிருந்து ஆறு பேரை எடுப்பது தனிச் சிக்கல். இருபது பேர் இருந்தால் 38,760 வகையில் எடுக்கலாம். எதிராளியின் ஒவ்வோர் ஆபத்தையும் தாங்க நம் பக்கம் ஒருவராவது இருக்க வேண்டும், ஆள் எண்ணிக்கையும் ஆறைத் தாண்டக் கூடாது. கணினி அறிவியலில் இதைக் கணமூடல் சிக்கல் என்று சொல்லலாம். 1972-இல் ரிச்சர்ட் கார்ப் அடையாளம் காட்டிய 21 கடினச் சிக்கல்களில் அதுவும் ஒன்று. 38,760 என்பது கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம். மனிதர்கள் வேறு வழி பிடிக்கிறார்கள். கடைசி வில்லனிடமிருந்து பின்னோக்கி வருகிறார்கள். அவன் பட்டியலில் நமக்கு மிகவும் ஆபத்தான ஒருவன் யார், அவனைத் தாங்கக்கூடியவன் பெட்டியில் யார் என்று முதல் நாற்காலியை நிரப்பிவிட்டால், மீதி நாற்காலிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமே நிரம்பும். நம் அணியை எழுதுவது பெரும்பாலும் எதிராளிதான்.

ஹோயன் பகுதியில் நடக்கும் ரூபியில் இதன் உச்சம் ஒன்று உண்டு. மண்ணுக்குள் வாழும் நின்காடா, லெவல் 20-இல் சிறகு முளைத்து நின்ஜாஸ்க் ஆகும். அப்போது அணியில் ஓர் இடம் காலியாக இருந்தால், அது கழற்றிப்போட்ட கூடு உயிர்பெற்று ஷெடின்ஜாவாக வந்து நிற்கும். சிள்வண்டு உரித்துவிட்டுப் போன தோல் மாதிரி. அதன் ஹெச்பி எந்த லெவலிலும் 1. ஆனால் தீ, பறத்தல், பாறை, பேய், இருள் என்ற ஐந்து வகை அடிகளைத் தவிர வேறு எந்த வகை அடியும் அதன்மேல் படாது. தண்ணீரும் பனிக்கதிருமாக வைத்திருக்கும் ஒருவன் எதிரே அதை நிறுத்தினால், ஒற்றை உயிர்ப்புள்ளியோடு ஆட்டத்திலேயே மிகப் பாதுகாப்பானது அதுதான். ஆலங்கட்டி மழை ஒன்று வந்தால் போதும், அல்லது விஷம் தீண்டினால் போதும், அத்தோடு சரி. எதிராளியின் மூவ் பட்டியலை வரி விடாமல் படித்தவர் மட்டுமே அதை இறக்கலாம்.

நான் சர்ஜின் பட்டியலைப் படிக்கவில்லை. ‘மின்சார ஜிம்’ என்று போர்டில் இருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். எலியப்பனுக்குப் பிறகு இறக்கியது ஆடிஷ் என்ற இலைக்கொத்து. முள்ளங்கி என்று பெயர் வைத்திருந்தேன். அதன்மேல் மின்சாரம் பூஜ்யம் இல்லை, பாதி விழும். அடியும் பெரிதாகக் கிடையாது. ஆனால் ஹெச்பி 51. சோனிக் பூம் மூன்று விழுந்தால்தான் சாகும். மூன்று விழுவதற்குள் ஆளை மாற்ற நேரம் இருக்கிறது. அணியில் நாலு நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த அதை முதலிலேயே நிறுத்தியிருக்கலாம்.

ஃபயர்ரெட்டில் மொத்தம் பதினான்கு பெட்டிகள். பதினான்காவதைக் கல்லறையாக வைத்திருக்கிறேன், பலரும் அப்படித்தான் செய்வார்கள். எலியப்பனை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அந்தக் கேமில் ஒரு வினோதம் உண்டு. பெட்டிக்குள் போகும் போக்கிமானின் காயத்தைக் கேம் எழுதிவைப்பதில்லை. அதனால் எப்போது வெளியே எடுத்தாலும் முழு ஹெச்பியோடு வரும். இப்போது எடுத்தாலும் அவன் 37-க்கு 37 என்று துள்ளிக்கொண்டுதான் வருவான். அவன் செத்தது கேமுக்குத் தெரியாது.