எல்.சி.எஸ். 33: தரையிறக்க ஆதரவுக் கலம்

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், பசிபிக் தீவுகளில் தரையிறங்கும் படையினருக்குக் கரையோரமாக நின்று துணைபுரிய அமெரிக்கக் கடற்படை கட்டிய 130 சிறு கலங்களுள் எல்.சி.எஸ். 33 ஒன்றாகும். சுமார் 48 மீட்டர் நீளமுள்ள இக்கலத்தின் அமிழ்வு, அதாவது நீர்மட்டத்திற்குக் கீழே அமிழ்ந்திருக்கும் ஆழம், 2 மீட்டருக்கும் குறைவு என்பதால், பெரிய போர்க்கப்பல்கள் அணுக இயலாத ஆழமற்ற நீரிலும் புகுந்து, முன்தளத்து ஏவுசட்டங்களிலிருந்து ராக்கெட்டுகளையும் 40 மி.மீ. இரட்டைப் பீரங்கிகளிலிருந்து குண்டுகளையும் கரைமீது பொழிய வல்லதாயிருந்தது. 1945 பிப்ரவரியில் ஐவோ ஜிமா தரையிறக்கத்தில் இது அவ்வாறே பணியாற்றியது.

ஒகினாவாவில் இதற்குக் கிடைத்ததோ வேறு பணி. தீவைச் சுற்றித் தொலைகடலில் அமைந்த ரேடார் காவல் நிலைகளில், வரும் விமானங்களை முன்கூட்டியே கண்டறிந்து எச்சரித்த நாசகாரிக் கப்பல்களுக்கு அருகில் நின்று அவற்றைக் காப்பதும், அவை தாக்கப்பட்டால் தீயணைத்து நீரில் விழுந்தோரை மீட்பதும் அப்பணியாகும். கரையைத் தாக்கவென்றே வடிவமைத்த, கவசம் குறைந்த கலத்திற்கு இது மிகக் கொடிய பொறுப்பு. ஏப்ரல் 12 அன்று, ஜப்பானியர் பெருந்திரளாகத் தொடுத்த காமிகாசே தாக்குதலின்போது, அதாவது விமானிகள் தம் விமானங்களோடு கப்பல்கள்மீது மோதி உயிர்விடும் தாக்குதலின்போது, முதலாம் காவல் நிலையில் இருந்த இக்கலத்தின் நடுப்பகுதியில் ஒரு விமானம் மோதியது. தீயைக் கட்டுப்படுத்த முடியாமல் மாலுமிகள் கைவிட்ட எல்.சி.எஸ். 33 ஒகினாவாவிற்கு வடக்கே மூழ்கியது.