எண்காட்டியும் அதனை இயக்கும் திரான்சிற்றரும்

மின்கடிகாரமொன்றைத் தாமே அமைக்கப் புகும் மாணவர் பலர் ஒரு குறையைக் கண்டு மயங்குவர். காட்டியில் 1 என்னும் எண் பளிச்சென ஒளிர, 8 என்னும் எண் மங்கித் தோன்றும். அவர் செய்நிரலிலே பிழை தேடிப் பல நாளைக் கழிப்பர். பிழையோ மின்னோட்டக் கணக்கில் உள்ளது.

ஓர் எண்ணைக் காட்டும் உறுப்பில் ஏழு துண்டங்களும் ஒரு புள்ளியுமாக எட்டு ஒளிகாலும் இருவாயிகள் உள. 1 ஐக் காட்ட இரண்டு துண்டங்கள் போதும். 8 க்கு ஏழும் வேண்டும். அவை அனைத்தும் பொதுமுனையில் வைத்த ஒரே தடை வழியாக மின்னைப் பெறுமாயின், துண்டங்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் பங்கும் குறையும். ஆதலின் துண்டந்தோறும் தனித்தடை வேண்டும். பொதுமுனையில் நிற்கும் திரான்சிற்றர் எட்டின் மின்னோட்டத்தையும் ஒருங்கே தாங்குதல் வேண்டும்.

நான்கு எண்களைக் காட்டுங்கால், கம்பிகளைக் குறைத்தற்பொருட்டு அவற்றை மாறிமாறி ஒளிரச் செய்வர். செக்கனுக்கு 100 முறை இச்சுற்று நிகழின், கண்ணுக்கு இடையறா ஒளியாகவே புலப்படும். ஆயின் ஒவ்வோர் எண்ணும் காற்பங்கு நேரமே எரிகின்றது. துண்டமொன்றிற்குச் சராசரி 5 மில்லியம்பியர் வேண்டின், எரியும் நேரத்தில் 20 மில்லியம்பியர் செல்லல் வேண்டும், எட்டிற்கும் 160.

இங்கேதான் தருக்கச் சில்லைத் தெரிவதில் பலர் தவறுவர். 74 எச்.சி. 595 என்னும் நகர்வுப் பதிவி, தொடராக வரும் தரவை எட்டு வெளியீடுகளில் ஒருங்கே தருவது; விலையும் மலிவு. அதன் வெளியீடொன்றின் உச்ச எல்லை 35 மில்லியம்பியர் எனத் தரவுத்தாள் கூறும். அதனைக் கண்டு 20 தானே என அமைவர். சில்லின் புவிமுனை வழியே செல்லத்தக்கது மொத்தம் 70 மில்லியம்பியரே என்னும் வரி அதே தாளில் சற்றுக் கீழே கிடக்கும். கால்களைத் தனித்தனி நோக்கின் குற்றமில்லை. ஒருங்கு நோக்கின் எல்லை இருமடங்கிற்கு மேற் கடந்தாயிற்று. ஆகவே சில்லுக்கும் துண்டங்களுக்கும் இடையே யூ.எல்.என். 2803 போன்ற இயக்கியை வைத்தல் முறை. தீர்மானிப்பது சில்லின் தொழில். சுமப்பது இயக்கியின் தொழில்.

பொதுமுனைக்கு பி.சி. 557 பொருந்தாது, அதன் எல்லை 100 மில்லியம்பியர். பி.சி. 327 தாராளமாகத் தாங்கும். தாளிலுள்ள பெருக்கம் நூறு, இருநூறு என்பதை நம்பி அடியோட்டத்தைக் கணித்தலாகாது. நிரம்பல் நிலையிற் பெருக்கம் வீழ்ந்துவிடும். இருபதெனக் கொள்வதே பாதுகாப்பு. 160 ஐ 20 ஆற் பிரிக்க 8 மில்லியம்பியர். 5 உவோற்று வழங்கலுக்கு 470 ஓம் அடித்தடை ஏற்றது.

துண்டத்தின் தடையோ கழித்தற் கணக்கு. 5 உவோற்றிலிருந்து செவ்விருவாயிக்கு 2, இயக்கிக்கு 1, திரான்சிற்றருக்கு 0.2 ஆகியன நீங்க எஞ்சுவது 1.8, 20 மில்லியம்பியருக்கு 90 ஓம். கடையிற் கிடைக்கும் 91 அல்லது 100 ஓம் போதும். நீல ஒளியாயின் இருவாயியே 3 உவோற்றுக்கு மேற் கொள்ளும். எஞ்சுவது ஏறத்தாழ 0.8. அத்துணைச் சிறிய மிச்சத்தில், இருவாயிகளுக்கிடையேயுள்ள சிறு வேறுபாடும் ஒளியை ஏற்றத்தாழ்வாக்கும். அவ்விடத்து டி.பி.ஐ.சி. 6பி595 என்பதைத் தெரிதல் நன்று. பதிவியும் இயக்கியும் ஒன்றாயமைந்த அதன் புலவிளைவுத் திரான்சிற்றர்கள் 20 மில்லியம்பியரில் இழப்பது 0.1 உவோற்றளவே.