ஹாம் ரேடியோவுக்காக ரவுட்டரில் ஒரு சிறிய கதவு

கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் எடுத்துவிட்டால், அடுத்த சில நாட்களில் ஏதாவது ஒரு புரோகிராம் "ஃபயர்வாலில் போர்ட்டைத் திறக்கவும்" என்று கேட்கும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில் குழம்பி, யாரோ சொன்னார்கள் என்று ஃபயர்வாலையே மூடிவிடுகிறார்கள். நானும் அதே தவறைச் செய்தவன்தான். அதனால் என்ன நடந்தது, சரியான வழி எது என்று இக்கட்டுரையில் பார்ப்போம். என் உதாரணம் ஹாம் ரேடியோ நண்பர்கள் பயன்படுத்தும் எக்கோலிங்க் என்னும் புரோகிராம். போர்ட் திறக்கக் கேட்கும் வேறு புரோகிராம்களுக்கும் இதே முறை பொருந்தும்.

எக்கோலிங்க் என்பது என்ன?

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்காகவும், பேரிடர் காலத்தில் உதவிக்காகவும் தனி நபர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர்கள் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். விடையாக ஒரு அழைப்புக் குறி கிடைக்கும். இது வியு2, வியு3 போன்ற எழுத்துகளில் தொடங்கும்.

அமெரிக்க ஹாம் ஜோனதன் டெய்லர் 2002ல் எக்கோலிங்க் புரோகிராமை வெளியிட்டார். இது ஹாம் ஒருவரின் குரலை இணையம் வழியாக இன்னொரு ஹாமின் கம்ப்யூட்டருக்கோ, தொலைவில் உள்ள ரேடியோ நிலையத்துக்கோ கொண்டு செல்கிறது. புரோகிராம் இலவசம். ஆனால் உரிமத்தின் நகலை அனுப்பி, அவர்கள் சரிபார்த்த பின்னரே நம் அழைப்புக் குறியுடன் உள்ளே செல்ல முடியும்.

எனக்கு மோர்ஸ் கற்றுக் கொடுத்த ஆசிரியர், ஓய்வுக்குப் பின் மெல்போர்னில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆன்டெனா கட்ட அனுமதி இல்லை. "ஞாயிறு காலை ஏழு மணிக்கு எக்கோலிங்க்கில் வா, பேசுவோம்" என்று சொல்லியிருந்தார். முதல் ஞாயிறு ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். நிலையங்களின் பட்டியல் அழகாக வந்தது. அதில் அவர் அழைப்புக் குறியும் இருந்தது. இரட்டை கிளிக் செய்தால் சிறிது நேரம் முயன்றுவிட்டு "டைம்டு அவுட்" என்று நின்றுவிட்டது. அவர் என்னை அழைத்தாலும் இதே கதை. கண்ணுக்குத் தெரிகிறார், காதுக்குக் கேட்கவில்லை.

ஏன் இப்படி?

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர், இரண்டு மொபைல் போன், ஒரு டிவி இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து இணைய நிறுவனம் பொதுவாக ஒரே ஒரு ஐ.பி. முகவரிதான் தருகிறது. வீட்டுக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168.1.5 என்பது போன்ற உள் முகவரியை ரவுட்டர் தருகிறது.

இதை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன். வீட்டுக்காரர் வெளியே கடிதம் போட்டால் அதைக் குறித்து வைத்துக் கொண்டு, பதில் வரும்போது சரியான வீட்டில் சேர்ப்பார். ஆனால் யாரும் கேட்காமல், வீட்டு எண்ணும் இல்லாமல் ஒரு பார்சல் வந்தால், யாருக்கு என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். ரவுட்டரும் இதைத்தான் செய்கிறது. இது நமக்குப் பாதுகாப்புதான்.

போர்ட் என்பது கம்ப்யூட்டருக்குள் உள்ள கவுன்டர் எண். 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. எக்கோலிங்க் பயன்படுத்துவது மூன்று மட்டுமே.

• டி.சி.பி. 5200 - நிலையங்களின் பட்டியலைப் பெற. இது நாம் வெளியே கேட்பது.
• யு.டி.பி. 5198 - குரல் செல்லவும் வரவும்.
• யு.டி.பி. 5199 - இணைப்பைக் கட்டுப்படுத்தும் தகவல்களுக்கு.

டி.சி.பி. என்பது ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால் போன்றது. வழியில் தொலைந்தால் மீண்டும் அனுப்பப்படும். யு.டி.பி. சாதாரண அஞ்சல் அட்டை. போனால் போனதுதான். பேச்சில் தொலைந்த ஒரு எழுத்தை இரண்டு விநாடி கழித்துக் கொண்டு வந்து கொடுத்து என்ன பயன்? அதனால்தான் குரலுக்கு யு.டி.பி.

இப்போது என் பிரச்னை புரிந்திருக்கும். பட்டியல் நான் கேட்டு வந்தது. அதனால் வந்துவிட்டது. குரலுக்கான 5198, 5199 இரண்டையும் வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

நான் செய்த தவறு

தெரிந்தவர் ஒருவர் போனில் வழி சொன்னார். "ரவுட்டரில் டி.எம்.இசட். என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் உன் கம்ப்யூட்டர் முகவரியைப் போடு. விண்டோஸ் ஃபயர்வாலை ஆஃப் செய்துவிடு." செய்தேன். அடுத்த ஞாயிறு ஆசிரியரின் குரல் கணீர் என்று கேட்டது. மகிழ்ச்சியில் மற்றதை மறந்துவிட்டேன்.

டி.எம்.இசட். என்பது, முகவரி தெரியாமல் வரும் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லும் உத்தரவு. மூன்று எண்களில் இரண்டுக்காக, அறுபத்தைந்தாயிரம் எண்களையும் திறந்து வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, மகள் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப உட்கார்ந்தாள். அன்றுதான் கடைசி நாள். விண்டோஸ் உள்ளே விடவில்லை. கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று செய்தி வந்தது. பாஸ்வேர்டு சரிதான். பத்து நிமிடம் காத்திருந்து முயன்றோம். மீண்டும் அதே செய்தி. கடைசியில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. டி.எம்.இசட்.டை நீக்கி, ஃபயர்வாலை மீண்டும் இயக்கிவிட்டு, விண்ணப்பத்தை அனுப்பினோம்.

பிறகு ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி பிரிவைப் பார்த்தேன். 4625 என்ற எண்ணுடன் பக்கம் பக்கமாகப் பதிவுகள். இது தோல்வியுற்ற லாகின் முயற்சிக்கான எண். மாடியில் உள்ள லேப்டாப்பிலிருந்து இயக்குவதற்காக ரிமோட் டெஸ்க்டாப் வசதியை எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். அதன் போர்ட் 3389. டி.எம்.இசட். வழியாக அது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. யாரோ ஒருவரின் தானியங்கிப் புரோகிராம் பொதுவான பெயர்களை வரிசையாக முயன்று கொண்டிருந்தது. நான் சோம்பலில் கணக்குக்கு "யூசர்" என்றே பெயர் வைத்திருந்ததால் அதுவும் அடிபட்டது. தவறான முயற்சிகள் அதிகமானால் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடும் விண்டோஸின் வசதிதான் எங்களைக் காப்பாற்றியது. பாஸ்வேர்டு எளிதானதாக இருந்திருந்தால், விண்ணப்பம் மட்டுமல்ல, புகைப்படங்கள், வங்கித் தகவல்கள் எல்லாம் போயிருக்கும்.

முதலில் ஒரு சோதனை

சரியான வழிக்கு வருவோம். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டவும். இது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே சென்றவுடன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் "வான்" என்பதன் கீழ் உள்ள ஐ.பி. முகவரியைக் குறித்துக் கொள்ளவும். அடுத்து, உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்டும் இணைய தளம் ஒன்றைத் திறந்து பார்க்கவும்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே தொடரலாம். வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். தெரு முனையில் இன்னொரு வாட்ச்மேன் இருக்கிறார். உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயன் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கான வழி பின்னால் வருகிறது. 192.168 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கலாம். ஃபைபர் மோடம் தனியாக இருக்கும் வீடுகளில் இது சகஜம். அப்போது இரண்டிலும் போர்ட் திறக்க வேண்டும். 10 என்று தொடங்கினால் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். இணைய நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்து கொள்ளவும்.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டருக்கு நிலையான உள் முகவரி தரவும். இல்லாவிட்டால் இன்று .5 ஆக இருப்பது நாளை .8 ஆகிவிடும், திறந்த கதவு வேறு யாருக்கோ போகும். ரவுட்டரில் டி.எச்.சி.பி. பிரிவில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்று இருக்கும். அதில் கம்ப்யூட்டரின் மேக் முகவரியைத் தந்து, 192.168.1.50 போன்ற ஒன்றை ஒதுக்கவும். வைஃபை பயன்படுத்துபவர்கள் விண்டோஸில் "ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்" என்பது ஆஃப் ஆக உள்ளதா என்று பார்க்கவும். அது இயங்கினால் மேக் முகவரி மாறி, ஒதுக்கீடு வேலை செய்யாது.

2. "போர்ட் ஃபார்வார்டிங்" அல்லது "விர்ச்சுவல் சர்வர்" என்ற பக்கத்துக்குச் செல்லவும். சில ரவுட்டர்களில் இது "நாட்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

3. புதிய விதி ஒன்றைச் சேர்க்கவும். புரோட்டோகால் யு.டி.பி.; தொடக்க போர்ட் 5198; முடிவு போர்ட் 5199; உள் முகவரி 192.168.1.50. சேவ் செய்திடவும்.

5200ஐத் திறக்க வேண்டாம். அது வெளியே செல்லும் வழி மட்டுமே. புரோட்டோகாலில் தவறுதலாக டி.சி.பி.யைத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எக்கோலிங்க்கில் இந்த எண்கள் மாறாதவை என்பதால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் இதை நேரடியாக இயக்க முடியாது.

விண்டோஸ் ஃபயர்வாலில்

ஃபயர்வாலை ஆஃப் செய்யவே கூடாது. முதன்முறை எக்கோலிங்க்கை இயக்கும்போது அனுமதி கேட்டு ஒரு கட்டம் வரும். "அலோ" என்பதைக் கிளிக் செய்தால் போதும். பலர் பயந்து "கேன்சல்" தட்டிவிடுவார்கள். அப்போது விண்டோஸ் அந்தப் புரோகிராமைத் தடுக்கும் விதியை எழுதிவிடுகிறது. தடை விதி இருக்கும்வரை புதிதாக அனுமதி விதி சேர்த்தாலும் தடைதான் ஜெயிக்கும்.

எனவே ஸ்டார்ட் மெனுவில் ஃபயர்வால் என்று தேடி, "அட்வான்ஸ்டு செக்யூரிட்டி" உள்ள விண்டோவைத் திறக்கவும். இடப்பக்கம் "இன்பவுண்ட் ரூல்ஸ்" கிளிக் செய்து, எக்கோலிங்க் பெயரில் சிவப்புத் தடைக் குறியுடன் ஏதேனும் இருந்தால் டெலீட் செய்திடவும். பின் "நியூ ரூல்", "புரோகிராம்" தேர்ந்தெடுத்து, எக்கோலிங்க் புரோகிராம் ஃபைலைக் காட்டவும். "அலோ த கனெக்‌ஷன்", பின் "பிரைவேட்" மட்டும் டிக் செய்து பெயர் தரவும். உங்கள் வீட்டு நெட்வொர்க் விண்டோஸில் "பிரைவேட்" என்று அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

எக்கோலிங்க்கின் டூல்ஸ் மெனுவில் ஃபயர்வால், ரவுட்டரைச் சோதிக்கும் வசதி உள்ளது. யு.டி.பி., டி.சி.பி. இரண்டும் சரியாக உள்ளனவா என்று சொல்லிவிடும். அதன்பின் 9999 என்ற சோதனை நிலையத்துடன் இணையவும். ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பேசி, மீண்டும் தட்டி நிறுத்தினால், நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்கும்.

போர்ட் திறக்க முடியாதவர்களுக்கு

பகிர்ந்த முகவரி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். டூல்ஸ், செட்டப் சென்று "ப்ராக்ஸி" டேப்பில் பொது ப்ராக்ஸி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் தொடர்பை நாம் வெளியே தொடங்குவதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு பொது ப்ராக்ஸியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். எனவே காலியாக உள்ளதைத் தேட வேண்டும். எப்போதாவது பேசுபவர்களுக்கு இதுவே போதும், பாதுகாப்பும் கூட.

ரேடியோ கருவியையே கம்ப்யூட்டருடன் இணைத்து லிங்க் நிலையம் அமைப்பது தனி விஷயம். அதற்கு முன் உங்கள் உரிம நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

மறக்கக் கூடாதவை

• டி.எம்.இசட். வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் நீக்கவும்.
• ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டை மாற்றவும். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை ஆஃப் செய்திடவும்.
• ரிமோட் டெஸ்க்டாப் தேவையில்லை என்றால் நிறுத்தி வைக்கவும்.
• திறந்த போர்ட், தேதி, காரணம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டர் அருகில் ஒட்டவும். புரோகிராமை நீக்கினால் விதியையும் நீக்கவும்.

என் ரவுட்டர் அருகே உள்ள தாளில் இப்போது ஒரே வரிதான்: "5198, 5199, யு.டி.பி., எக்கோலிங்க்." ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆசிரியரின் குரல் தவறாமல் வருகிறது. நடந்ததைச் சொன்னபோது சிரித்துவிட்டுச் சொன்னார்: "அலைவரிசை தேடும்போது வேண்டிய நிலையத்தில் மட்டும்தானே டயலை நிறுத்துவாய்? இதிலும் அப்படித்தான்." போர்ட் திறக்கும் முன் இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஹாம் வழக்கப்படி வாழ்த்துச் சொல்லி முடிக்கிறேன்: 73.