குருதி சொல்வதும் மூட்டு சொல்வதும்

“இரத்தம் நன்றாக இருக்கிறது” என்று மருத்துவர் கூற, “வீக்கம் குறையவில்லையே” என்று நோயாளி திகைப்பதுண்டு. முடக்குவாதத்தில் இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்.

முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு வேறு, முடக்குவாதம் வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்க, அழற்சி மூள்கிறது. அது நீடித்தால் எலும்பு அரிக்கப்படும். அரித்த எலும்பை முன்போல் மீட்பது அரிது. ஆகவே அழற்சி தணிந்ததா, இன்னும் கனல்கிறதா என்பதை அவ்வப்போது அறிதல் வேண்டும். ருமட்டாய்டு காரணி நோயை இனங்காண உதவுமேயன்றி அதன் ஏற்றத்தாழ்வைச் சரிவரக் காட்டாது. அதற்குப் பயன்படுவன வேறு இரண்டு அளவுகள்.

முதலாவது ஈ.எஸ்.ஆர். குருதியை நெடிய குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று காண்பது. அழற்சியின்போது ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் மிகுவதால், அணுக்கள் அடுக்கிய நாணயங்கள்போல் ஒட்டி விரைந்து படிகின்றன. எளிய முறைதான், ஆனால் குருதிச்சோகையும் முதுமையும் கருவுறுதலும்கூட இவ்வளவை உயர்த்திவிடும்.

இரண்டாவது சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லட்டும் தாமஸ் பிரான்சிசும் நிமோனியா நோயாளிகளின் குருதியில் இதன் வினையைக் கண்டனர். அந்நோய்க் கிருமியின் ‘சி’ என்னும் கூறோடு வினைபுரிந்தமையே பெயர்க் காரணம். குருதியில் இதன் அளவு ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகும். எனவே அழற்சி தணிந்தால் இது சில நாள்களில் இறங்கும், ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. ஃபைப்ரினோஜனையும் சி.ஆர்.பி.யையும் முதன்மையாக உண்டாக்குவது மூட்டன்று, கல்லீரல். அழற்சியிடத்திலிருந்து வரும் இன்டர்லியூகின்-6 என்னும் தூதுப் பொருளே கல்லீரலைத் தூண்டுகிறது. டோசிலிசுமாப் என்னும் மருந்து அத்தூதினை ஏற்கும் வாயிலையே அடைக்கிறது. விளைவாக, மூட்டு வீங்கியிருப்பினும் சி.ஆர்.பி. வெகுவாகச் சரியலாம், கடும் தொற்றுகூட அவ்வெண்ணில் தெரியாமல் மறையலாம். அம்மருந்து பெறாதவர் சிலரிடமும் வீக்கத்தினூடே எண்கள் இயல்பாகவே இருப்பதுண்டு.

இதனாலேயே டி.ஏ.எஸ்.28 என்னும் மதிப்பீடு குருதி எண்ணைத் தனித்து நம்புவதில்லை. 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, வலியையும் வீக்கத்தையும் எண்ணி, நோயாளியின் சொந்த மதிப்பையும் சேர்த்துக் கணிக்கிறது; 2.6க்குக் கீழ் வந்தால் நோய் அடங்கியதாகக் கொள்வர். வியப்பு என்னவெனில், அந்த 28இல் பாத மூட்டுகள் இடம்பெறவில்லை. காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும் மருத்துவருக்கே அங்குள்ள வீக்கம் தெரியவரும்.